பிரேசில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2022: ஐபிஜிஇ இணையத் தரவுச் சேவை – ஒரு மதிப்பாய்வு

பிரேசிலில் 2022ஆம் ஆண்டில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்று தேடினால், அந்நாட்டு அரசின் புள்ளிவிவர அமைப்பிடமிருந்தே மூன்று விடைகள் கிடைக்கின்றன. 2023 ஜூன் 28 அன்று வெளியான முதல் முடிவின்படி 20,30,62,512 பேர். அதே ஆண்டு அக்டோபரில் திருத்தி வெளியிடப்பட்ட எண்ணிக்கையின்படி 20,30,80,756 பேர். 2024 ஆகஸ்டில் வந்த மக்கள்தொகை முன்கணிப்பின் அடிப்படைக் கணக்கிலோ 2022ஆம் ஆண்டுக்கு உரிய எண் 21 கோடியைத் தாண்டி நிற்கிறது. இவற்றில் எதை எப்போது எடுத்தாள வேண்டும் என்பதைச் சாதாரண வாசகர் ஒருவர் தெரிந்துகொள்ள அந்த அமைப்பின் இணையச் சேவை எவ்வளவு துணை செய்கிறது என்பதையே இந்த மதிப்பாய்வுக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டேன். வண்ண வரைபடங்கள் அழகாக இருக்கின்றனவா, பக்கங்கள் வேகமாகத் திறக்கின்றனவா என்பதெல்லாம் இதற்கு அடுத்த கேள்விகள்.

ஐபிஜிஇ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரேசில் புவியியல், புள்ளிவிவர நிறுவனத்தின் தொடக்கம் 1936. அதற்கு வெகுமுன்பே, 1872இல், பேரரசுக் காலத்திலேயே நாட்டின் முதல் கணக்கெடுப்பு நடந்துவிட்டது. அப்போது எண்ணப்பட்ட ஏறத்தாழ 99 லட்சம் பேரில் 15 லட்சம் பேர் அடிமைகளாகப் பதிவு செய்யப்பட்டிருந்தனர் என்பதை நினைவில் கொள்வது, இன்றைய இனவாரி அட்டவணைகளைப் படிக்கும்போது உதவும். 2022 கணக்கெடுப்போ இடர்ப்பாடுகளுக்கு இடையே நடந்தது. 2020இல் நடந்திருக்க வேண்டியது பெருந்தொற்றால் தள்ளிப்போனது. 2021இல் நிதி ஒதுக்கீடு வெட்டப்பட்டதால் மீண்டும் தள்ளிப்போனது. உச்ச நீதிமன்றம் வரை வழக்கு சென்ற பிறகே 2022 ஆகஸ்ட் 1 அன்று களப்பணி தொடங்கியது. மூன்று மாதங்களில் முடிப்பதாக இருந்த பணி 2023 வரை நீண்டது. இந்தச் சேவையில் நாம் காணும் ஒவ்வோர் எண்ணும் அந்த நெருக்கடியின் வழியாக வந்தது.

சேவைக்கு மூன்று வாயில்கள் உண்டு. முதலாவது ‘பனோரமா’ எனப்படும் வரைபடப் பக்கம். இரண்டாவது ‘சிதாதெஸ்’ எனப்படும் ஊர்வாரிச் சுருக்கம். மூன்றாவது, இம்மதிப்பாய்வில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளப்போகும் ‘சிட்ரா’ என்ற அட்டவணைக் களஞ்சியம். மூன்றுமே இலவசம், பதிவு செய்துகொள்ளவோ மின்னஞ்சல் முகவரி கொடுக்கவோ தேவையில்லை. கணக்கெடுப்புத் தரவைப் பொதுச்சொத்தாகக் கருதும் இந்த அணுகுமுறைக்கு முதலிலேயே முழு மதிப்பெண் கொடுத்துவிட வேண்டும்.

பனோரமா எடுத்த எடுப்பிலேயே கவர்ந்துவிடுகிறது. நாட்டு வரைபடத்தில் ஒரு மாநிலத்தையோ முனிசிபியோ எனப்படும் நகராட்சி வட்டாரத்தையோ தெரிவு செய்தால், மக்கள்தொகை, அடர்த்தி, வயதுவாரியாக மக்களை அடுக்கிக் காட்டும் வயதுக் கூம்பகம், சராசரிக் குடும்ப அளவு ஆகியவை பக்கவாட்டில் விரிகின்றன. நாடு முழுவதும் உள்ள 5,570 வட்டாரங்களையும் இப்படிச் சுற்றி வரலாம். ஒரு கோடியே பதினான்கு லட்சம் பேர் வாழும் சாவோ பாவுலோவும், மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் வெறும் 833 பேர் வாழும் செர்ரா தா சவுதாதேவும் ஒரே சட்டகத்தில் அமர்வதைப் பார்க்கும்போது, சராசரி என்ற ஒன்றை இந்நாட்டுக்குச் சொல்வது எவ்வளவு அரைகுறையானது என்பது புரிகிறது. நாட்டின் சராசரி அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 24 பேர் என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் மக்களில் நூற்றுக்கு 42 பேர் தென்கிழக்கின் நான்கு மாநிலங்களில் நெருங்கி வாழ்கிறார்கள் என்பதை வரைபடத்தின் நிறமே காட்டிவிடுகிறது.

பனோரமாவின் வயதுக் கூம்பகத்துக்குத் தனியே ஒரு பாராட்டு. 1980இல் மக்களில் 38 விழுக்காட்டினர் பதினான்கு வயதோ அதற்குக் கீழோ இருந்தார்கள். 2022இல் அந்தப் பங்கு 20 விழுக்காட்டுக்கும் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. அதே காலத்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பங்கு 4 விழுக்காட்டிலிருந்து 10.9 விழுக்காடாக ஏறியிருக்கிறது. 2010இல் 29ஆக இருந்த இடைநிலை வயது (மக்களில் பாதிப்பேர் இதற்குக் கீழும் பாதிப்பேர் இதற்கு மேலும் இருக்கும் வயது) பன்னிரண்டே ஆண்டுகளில் 35 ஆகிவிட்டது. இந்த மாற்றத்தைப் பத்தி பத்தியாக எழுதினாலும் மனத்தில் தங்காது; அடிப்பகுதி குறுகி இடுப்பு பருத்த அந்தக் கூம்பகம் ஒரு பார்வையில் தங்கவைக்கிறது. தெற்கே ரியோ கிராண்டே தோ சுல் மாநிலத்தில் இடைநிலை வயது 38, வடக்கே ரொராய்மாவில் 26. இரண்டு கூம்பகங்களையும் அடுத்தடுத்துத் திறந்து பார்ப்பவருக்கு இரு வேறு நாடுகளைப் பார்ப்பது போலவே தோன்றும்.

ஆனால் பனோரமாவோடு நின்றுவிடுபவர்கள் தவறான முடிவுகளோடு வெளியேற வாய்ப்புண்டு. எண்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன; அந்த எண்கள் எவ்விதக் கேள்வியிலிருந்து, எந்த வரையறையிலிருந்து பிறந்தன என்பது அந்த அளவுக்குக் கண்ணில் படுவதில்லை. இதற்கு இனவாரிக் கணக்கே சிறந்த எடுத்துக்காட்டு.

பிரேசில் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் தம்மை ஐந்து பிரிவுகளில் ஒன்றாகத் தாமே சொல்லிக்கொள்கிறார்கள்: வெள்ளையர், கறுப்பர், ‘பார்தோ’ எனப்படும் கலப்பு நிறத்தவர், கிழக்காசிய வழியினரைக் குறிக்கும் ‘அமரேலா’ (சொல்லின் பொருள் மஞ்சள்), பூர்வகுடியினர். 2022இல் பார்தோ பிரிவினர் 45.3 விழுக்காடு, வெள்ளையர் 43.5, கறுப்பர் 10.2. 1991 முதலான கணக்கெடுப்புகளில் பார்தோ பிரிவு வெள்ளையரை முந்தியது இதுவே முதல் முறை. தம்மைக் கறுப்பர் என்று சொல்லிக்கொண்டவர்களின் எண்ணிக்கை 2010ஐவிட 42 விழுக்காடு கூடியிருக்கிறது. பிறப்பு விகிதத்தைக் கொண்டு மட்டும் இந்த ஏற்றத்தை விளக்க முடியாது. முன்பு வேறு பிரிவில் தம்மைச் சேர்த்துக்கொண்ட பலர் இப்போது தம்மைக் கறுப்பர் என்றே அறிவித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதே ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் காரணம்.

அமரேலா பிரிவின் கதை இன்னும் விந்தையானது. 2010இல் இப்பிரிவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 2022இல் எட்டரை லட்சம் பேர்தான். எண்களை மட்டும் பார்ப்பவர், ஜப்பானிய வழி பிரேசிலியர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார்கள் என்று எழுதிவிடக்கூடும். நடந்தது வேறு. 2022இல் ஒருவர் இப்பிரிவைத் தெரிவு செய்தவுடன், கணக்கெடுப்பாளரின் கையடக்கக் கருவியில் ஒரு விளக்கம் தோன்றியது: ஜப்பான், சீனம், கொரியா போன்ற கிழக்கத்திய மரபினரையே இது குறிக்கும், உங்கள் தெரிவை உறுதி செய்கிறீர்களா என்று. 2010இல் அப்படி ஒரு தடுப்பு இல்லை. மஞ்சள் என்ற நிறப்பெயரைத் தம் தோலின் நிறமாக எடுத்துக்கொண்டவர்கள் அன்று பெருமளவில் உள்ளே வந்திருந்தார்கள்; கருவி கேட்ட ஒற்றைக் கேள்வி இம்முறை அவர்களை வேறு பிரிவுகளுக்கு அனுப்பிவிட்டது. ஒரு மென்பொருள் எச்சரிக்கை பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் இனப்பதிவை மாற்றிவிட முடியும் என்பது, கணக்கெடுப்புகளைப் பற்றி நான் அறிந்தவற்றுள் மிகவும் சுவையான செய்தி. அதைச் சேவையின் முகப்பில் வைத்திருக்க வேண்டாமா?

பூர்வகுடியினர் கணக்கிலும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2010இல் ஏறத்தாழ ஒன்பது லட்சமாக இருந்தவர்கள் 2022இல் பதினேழு லட்சத்தை நெருங்கிவிட்டார்கள். 89 விழுக்காடு உயர்வு. நிறம் அல்லது இனம் பற்றிய கேள்வியில் வேறு பிரிவைச் சொன்னவர்களிடம், ‘உங்களைப் பூர்வகுடியாகக் கருதுகிறீர்களா’ என்ற துணைக்கேள்வி 2010இல் அதிகாரப்பூர்வமான பூர்வகுடி நிலங்களுக்குள் மட்டுமே கேட்கப்பட்டது. 2022இல் அந்நிலங்களுக்கு வெளியே பூர்வகுடியினர் வாழும் பிற பகுதிகளுக்கும் கேள்வி விரிவுபடுத்தப்பட்டது. விளைவாக, ஒரே கணக்கெடுப்புக்குள்ளேயே இரண்டு எண்கள் உலவுகின்றன. இனக்கேள்வியின்படி மட்டும் பூர்வகுடியினர் நாட்டு மக்களில் 0.6 விழுக்காடு, துணைக்கேள்வியையும் சேர்த்தால் 0.83 விழுக்காடு. சிட்ராவில் இவ்விரண்டும் தனித்தனி அட்டவணைகளில், தெளிவான தலைப்புகளோடு இருக்கின்றன. வரைபடப் பக்கத்தின் வழியே வருபவருக்கு அந்த வேறுபாடு புலப்பட நேரமாகும். பூர்வகுடியினரில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலானவர்களே அந்நிலங்களுக்குள் வாழ்கிறார்கள், மனாவுஸ் நகரில் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள் என்பவற்றை அறியும்போது, துணைக்கேள்வியை விரிவுபடுத்தியது ஏன் சரியான முடிவு என்பது விளங்குகிறது.

இனி சிட்ரா. இதன் தோற்றம் பழையது, நிறமற்றது, முதல்முறை திறப்பவரை மிரளவைக்கக்கூடியது. ஒவ்வோர் அட்டவணைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 4714 என்று இட்டால் மக்கள்தொகை, பரப்பு, அடர்த்தி; 4709 என்றால் 2010க்கும் 2022க்கும் இடையிலான வளர்ச்சி; 9514 என்றால் வயதும் பாலினமும்; 9605 என்றால் இனவாரிக் கணக்கு. அட்டவணையைத் திறந்ததும் எந்த மாறிகள் வேண்டும், எந்தப் பிரிவுகள் வேண்டும், நாடு முழுமைக்குமா, மாநில வாரியாகவா, வட்டார வாரியாகவா என்பதையெல்லாம் நாமே தெரிவு செய்து, நிரைகளையும் நிரல்களையும் விருப்பப்படி இடம் மாற்றி, விரிதாளாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். நிரலாக்கம் அறிந்தவர்களுக்கு நேரடித் தரவு இணைப்பும் உண்டு. ஆர், பைத்தான் ஆகிய மொழிகளில் அதற்கென ஆர்வலர்கள் எழுதிய நிரல்தொகுப்புகளும் கிடைக்கின்றன. ஒரே வேண்டுகோளில் கேட்கக்கூடிய தரவுக்கு வரம்பு உண்டென்பதால், எல்லா வட்டாரங்களுக்கும் எல்லா வயதுகளையும் ஒரே மூச்சில் இழுக்க முயல்பவர் பகுதி பகுதியாகப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும்.

வயது அட்டவணையில் ஒரு நுணுக்கம் என்னை வெகுவாகக் கவர்ந்தது. ஒருவர் பிறந்த தேதியைச் சொல்லி வயது கணக்கிடப்பட்டதா, அல்லது குத்துமதிப்பாக வயதைச் சொன்னாரா என்பதும் 9514இல் தனிப் பிரிவாகவே தரப்பட்டிருக்கிறது. வயது 30, 40 போன்ற முழுமைப்படுத்திய எண்களில் குவிந்திருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இதைவிட நேர்மையான உதவி இருக்க முடியாது.

சிட்ராவின் நேர்மைக்கு இன்னொரு சான்று அதன் குறியீடுகள். கட்டத்தில் சிறு கோடு மட்டும் இருந்தால், அங்கே உண்மையாகவே ஒருவரும் இல்லை என்று பொருள். பூச்சியம் என்று அச்சாகியிருந்தால், கணக்கிட்டதாலோ முழுமைப்படுத்தியதாலோ அது பூச்சியமாகியிருக்கிறது என்று பொருள். இரண்டு புள்ளிகள் என்றால் அந்தக் கேள்வியே அங்கே பொருந்தாது. மூன்று புள்ளிகள் என்றால் தரவு கிடைக்கவில்லை. எக்ஸ் என்ற எழுத்து நின்றால், தகவல் கொடுத்தவரை அடையாளம் கண்டுவிடக்கூடாது என்பதற்காக எண் மறைக்கப்பட்டிருக்கிறது. செர்ரா தா சவுதாதே போன்ற சிற்றூரில் ஒரு வயதுப் பிரிவில் ஒரு குறிப்பிட்ட இனத்தவர் ஓரிருவர் மட்டுமே இருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த மறைப்பின் தேவை புரியும். இந்தக் குறியீடுகளைப் படிக்காமல் விரிதாளை நேரே மென்பொருளுக்குள் ஊட்டுபவர்கள், கோட்டையும் புள்ளிகளையும் எக்ஸையும் ஒரே வெற்றிடமாகக் கருதிவிடுவார்கள். அதன் பிறகு வரும் சராசரிகள் எதற்கும் உதவா. பிரேசில் வழக்கப்படி ஆயிரங்களைப் பிரிப்பது புள்ளி, பின்னத்தைப் பிரிப்பது காற்புள்ளி என்பதையும் அதே மூச்சில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அட்டவணைத் தலைப்பில் ‘மாதிரி’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். 2022இல் இரண்டு வினாத்தாள்கள் பயன்பட்டன. எல்லா வீடுகளுக்கும் பொதுவான அடிப்படை வினாத்தாளில் 26 கேள்விகள். ஏறத்தாழ பத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் 77 கேள்விகள் கொண்ட நீண்ட வினாத்தாள். வயது, பாலினம், இனம், எழுத்தறிவு ஆகியவை முதல் வகையில் வருவதால் மிகச் சிறிய பகுதி வரைக்கும் நம்பிக்கையோடு இறங்கலாம். சமயம், கருவளம், இடப்பெயர்வு போன்றவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றைச் சிறிய வட்டாரங்களுக்குப் பயன்படுத்தும்போது எல்லோரையும் கேட்காததால் நேரும் மாதிரிப்பிழையையும் எண்ணிக்கொள்ள வேண்டும். மாதிரி முடிவுகள் தாமதமாகவே வந்தன. சமயவாரிக் கணக்கு 2025 ஜூனில்தான் வெளியானது.

அந்தச் சமயக்கணக்கிலும் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. 2022இல் கத்தோலிக்கர் 56.7 விழுக்காடு, எவாஞ்சலிக்கர் எனப்படும் நற்செய்திச் சபையினர் 26.9 விழுக்காடு, சமயம் இல்லை என்றவர்கள் 9.3 விழுக்காடு. இவை பத்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான விகிதங்கள். 2010இல் முதலில் வெளியான 64.6 விழுக்காடு என்ற கத்தோலிக்கர் பங்கு எல்லா வயதினரையும் உள்ளடக்கியது. அதே வயது வரம்புக்கு மாற்றினால் அது 65.1 ஆகிறது. வேறுபாடு சிறியதுதான், ஆனால் வீழ்ச்சியின் அளவைத் தசமத் துல்லியத்தோடு எழுத விரும்புகிறவர் எந்த 2010 எண்ணை எடுத்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய கட்டுரைகளிலிருந்து எடுத்த எண்ணோடு புதிய எண்ணை ஒட்டவைப்பதைவிட, இரண்டையும் ஒரே அட்டவணையிலிருந்து எடுப்பதே பாதுகாப்பானது.

‘ஃபவேலா’ எனப்படும் ஏழை நகர்ப்புறக் குடியிருப்புகளைத் தேடுகிறவர்கள் பெயர் மாற்றத்தையும் அறிந்திருக்க வேண்டும். முந்தைய அட்டவணைகளில் ‘தரக்குறைவான திரள்கள்’ என்ற பொருளில் வழங்கிய தலைப்பு, 2024இல் ‘ஃபவேலாக்களும் நகர்ப்புறச் சமூகங்களும்’ என்று மாற்றப்பட்டது. பழைய தலைப்பில் தேடினால் பழைய தரவு மட்டுமே வரும். புதிய கணக்கின்படி 12,348 ஃபவேலாக்களில் ஒரு கோடியே 64 லட்சம் பேர் வாழ்கிறார்கள். ரியோவின் ரோசின்யா 72,021 பேரோடு முதலிடத்திலும், தலைநகர்ப் பகுதியின் சோல் நசென்ட்டே ஆயிரம் பேருக்குச் சற்று மேலான வேறுபாட்டில் இரண்டாம் இடத்திலும் இருக்கின்றன. இதிலும் 2010 எண்ணோடு நேராக ஒப்பிட்டு வளர்ச்சி என்று எழுதிவிடக்கூடாது; எல்லைகளை வரையும் முறை இடையில் மேம்பட்டிருக்கிறது.

‘கிலொம்போலா’ எனப்படும், தப்பிச்சென்ற அடிமைகளின் வழிவந்த சமூகங்களை முதன்முதலாகத் தனியே எண்ணியது இந்தக் கணக்கெடுப்பின் தனிச்சிறப்பு. 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பாதிப்பேர் பாயியா, மரன்யாவோ ஆகிய இரு மாநிலங்களில் மட்டும். அதிகாரப்பூர்வமாக வரையறுக்கப்பட்ட கிலொம்போலா நிலங்களுக்குள் வாழ்பவர்கள் எட்டில் ஒருவர்தான். நூற்றைம்பது ஆண்டுக் கணக்கெடுப்பு வரலாற்றில் இல்லாத ஒரு நிரல் இப்போது இருக்கிறது. நில உரிமை வழக்குகளில் அது எவ்வளவு எடை பெறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எண்கள் வழக்காகும் இடம் இன்னொன்றும் உண்டு. மத்திய அரசின் வரி வருவாயில் ஒரு பங்கு, நகராட்சிப் பங்கீட்டு நிதி என்ற பெயரில் வட்டாரங்களுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. அந்தப் பங்கு மக்கள்தொகைப் படிநிலையைப் பொறுத்தது. கடைசிப் படி 10,188 பேர் வரைக்கும். சில நூறு பேர் குறைந்தால் ஒரு சிற்றூர் கீழ்ப்படிக்கு இறங்கி, தன் வரவில் கணிசமான பகுதியை இழக்கும். 2022 முடிவுகளால் பல வட்டாரங்கள் அப்படி இறங்க நேர்ந்தபோது எழுந்த எதிர்ப்பின் விளைவாக, இழப்பைப் பத்தாண்டுகளுக்குப் படிப்படியாகப் பரப்பும் துணைச்சட்டம் ஒன்று 2023இல் நிறைவேறியது. ஊர்வாரிச் சுருக்கப் பக்கத்தைத் திறந்து தன் ஊர் எண்ணைச் சரிபார்க்கும் மேயருக்கு இந்தச் சேவை வெறும் பொது அறிவுக் களஞ்சியம் அன்று.

முதலில் சொன்ன மூன்று எண்களுக்கு இப்போது திரும்பலாம். முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 18,244 பேர். பிந்தைய சரிபார்ப்பில் சேர்க்கப்பட்டவர்கள். பனோரமாவும் சிட்ராவும் திருத்திய எண்ணையே தருகின்றன. செய்தித்தாள்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் பல பழைய எண்ணிலேயே தங்கிவிட்டன. மூன்றாவது எண்தான் சிக்கலானது. எந்தக் கணக்கெடுப்பும் எல்லோரையும் எண்ணிவிடுவதில்லை. பூட்டிய வீடுகளும், மறுக்கும் வீட்டாரும், கணக்கெடுப்பாளர் எட்ட முடியாத இடங்களும் எப்போதும் இருக்கும். களப்பணிக்குப் பின் தனி ஆய்வு நடத்தி, பிறப்பு இறப்புப் பதிவுகளையும் வைத்து, விடுபட்டவர்களை மதிப்பிட்டுச் சேர்த்தே முன்கணிப்பின் அடிப்படை உருவாக்கப்பட்டது. ஐபிஜிஇ தளத்தில் நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே இருக்கும் மக்கள்தொகைக் கடிகாரம் இந்தத் திருத்திய அடிப்படையில் ஓடுவது. அதனால்தான் கடிகாரம் 21 கோடியைத் தாண்டிய எண்ணைக் காட்டும்போது, அதே நிறுவனத்தின் வரைபடம் 20.3 கோடியில் நிற்கிறது.

இதன் உட்பொருள் சிறிதன்று. 2010க்கும் 2022க்கும் இடையே ஆண்டு வளர்ச்சி 0.52 விழுக்காடு, 1872க்குப் பின் மிகக் குறைந்தது என்று எல்லா இடங்களிலும் எழுதப்பட்டது. இரு கணக்கெடுப்புகளிலும் விடுபட்டவர்களின் விகிதம் வேறாக இருந்தால் அந்த வேறுபாடு வளர்ச்சி விகிதத்துக்குள் புகுந்துவிடும். வளர்ச்சி குறைந்து வருவது ஐயத்துக்கு இடமில்லாதது. 1960இல் ஒரு பெண்ணுக்கு 6.28 குழந்தைகள் என்றிருந்த கருவள விகிதம் 2022இல் 1.55க்கு இறங்கியிருக்கிறது. குறைவின் துல்லியமான அளவை மட்டும் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். சால்வதோர் நகரம் பன்னிரண்டு ஆண்டுகளில் தன் மக்களில் பத்தில் ஒரு பங்கை இழந்து, நாட்டின் மூன்றாம் இடத்தை பிரசிலியாவுக்கு விட்டுக்கொடுத்தது போன்ற செய்திகளையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். எதிர்த்திசையில், ரொராய்மா ஆண்டுக்கு 2.9 விழுக்காடு வளர்ந்ததில் ஐயமில்லை. வெனிசுலாவிலிருந்து வந்து பிரேசிலில் வாழ்பவர்கள் 2010இல் மூவாயிரத்துக்கும் குறைவாக இருந்து 2022இல் 2.7 லட்சமாகப் பெருகியதன் முதல் வாசல் அந்த மாநிலம்தான்.

கடிகாரத்தை இயக்கும் முன்கணிப்பின்படி மக்கள்தொகை 2041இல் ஏறத்தாழ 22 கோடியே 4 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டு, 2070இல் 20 கோடிக்குச் சற்றுக் கீழே இறங்கும். கருவளம், இறப்பு, இடப்பெயர்வு ஆகியவற்றைப் பற்றிய ஊகங்கள் முன்கணிப்புப் பக்கத்தில் விரிவாகவே தரப்பட்டிருக்கின்றன. கடிகாரத்துக்கும் கணக்கெடுப்புக்கும் என்ன உறவு என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, கடிகாரத்தின் அடியில் பெரிய எழுத்தில் இருந்திருக்கலாம்.

பெயர்களுக்கான துணைப்பக்கம் பொழுதுபோக்குக்கு நல்லது. மரியா என்ற பெயருள்ள பெண்கள் ஒரு கோடியே 22 லட்சம் பேர் என்பதையும், சில்வா என்ற குடும்பப்பெயரை ஆறில் ஒருவர் தாங்கியிருக்கிறார்கள் என்பதையும் அங்கே காணலாம். ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு முகவரிப் பதிவேட்டைப் பரிந்துரைப்பேன். பத்து கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் புவியிடக் குறிகளோடு அதில் உள்ளன. அதன்படி நாட்டில் வழிபாட்டிடங்கள் 5.8 லட்சம்; கல்வி நிலையங்களையும் மருத்துவ நிலையங்களையும் கூட்டினாலும் அந்த எண்ணை எட்டவில்லை. சமயவாரி அட்டவணை சொல்லாத ஒன்றை முகவரிப் பட்டியல் சொல்லிவிடுகிறது.

குறைகளில் பெரியது மொழி. நிறுவனத்தின் செய்திப் பக்கங்களில் ஒரு பகுதி ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வந்தாலும், சிட்ராவின் அட்டவணைத் தலைப்புகளும் அடிக்குறிப்புகளும் போர்ச்சுகீசிய மொழியிலேயே இருக்கின்றன. உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பு தலைப்புகளுக்குப் போதும், அடிக்குறிப்புகளுக்குப் போதாது. மேலே சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் வாழ்வதோ அந்த அடிக்குறிப்புகளிலும் வழிமுறைக் குறிப்புகளிலும்தான். ‘வீடு’, ‘குடும்பம்’, ‘வசிப்போர்’ ஆகியவற்றுக்கான வரையறைகளைத் தனிக் கோப்புகளில் தேடி எடுக்க வேண்டியிருப்பதும் புதியவர்களுக்குச் சுமை. ஐந்தாம் வகுப்பு மாணவருக்கான படமும் ஆய்வாளருக்கான அட்டவணையும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நின்று, கவனத்தோடு ஒரு கட்டுரை எழுத விரும்பும் வாசகருக்கான படிக்கட்டு இல்லை.

ஆகவே பயன்படுத்தும் வரிசையைப் பற்றி ஒரு பரிந்துரை. பனோரமாவில் ஊரைத் தெரிந்துகொண்டு, உடனே சிட்ராவின் 4714க்குச் சென்று அதே எண்ணைச் சரிபார்த்து, பிறகு தலைப்புக்கு உரிய அட்டவணையைத் திறந்து அடிக்குறிப்பைக் கடைசி வரி வரை படிப்பது நல்லது. 2010ஓடு ஒப்பிட வேண்டியிருந்தால், இனம், பூர்வகுடி, ஃபவேலா, சமயம் ஆகிய நான்கு தலைப்புகளிலும் வழிமுறைக் குறிப்பைப் படிக்காமல் ஒரு விழுக்காட்டையும் எழுத வேண்டாம். இந்த ஆண்டின் மக்கள்தொகை என்று ஓர் எண் வேண்டுமானால் முன்கணிப்பையோ, நிறுவனம் ஆண்டுதோறும் வட்டார வாரியாக வெளியிடும் மதிப்பீட்டையோ எடுங்கள். 2022இல் எண்ணப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று வேண்டுமானால் 20,30,80,756.